பார்க்கின்சனில் மனம் தளரும்போது: எந்தச் சிகிச்சையிலிருந்து தொடங்குவது?

பார்க்கின்சன் நோய் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கையைத்தான் பார்க்கிறார்கள். நடுக்கம் கூடியிருக்கிறதா, நடை தேய்ந்துவிட்டதா, குரல் இறங்கிவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். மருத்துவர் முன் கிடைக்கும் சில நிமிடங்களும் இதிலேயே கரைந்துபோகின்றன. அந்த மனிதர் இரவில் தூங்குகிறாரா, காலையில் எழுந்திருக்கப் பிடிக்கிறதா, நாற்பது வருடமாகப் படித்துவந்த பேப்பரை ஏன் மடித்தபடியே வைத்திருக்கிறார் என்று கேட்க ஆளில்லை. அவரும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் மூட்டுவலியைச் சொல்வார்கள், மலச்சிக்கலைச் சொல்வார்கள். மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம்.

ஆனால் இந்த நோயில் மனச்சோர்வு அபூர்வமே அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கவனிக்க வேண்டிய அளவுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருக்கின்றன. பதற்றமும் அதே அளவுக்கு இருக்கிறது. "இந்த வயதில் இப்படி ஒரு நோய் வந்தால் யாருக்குத்தான் மனசு உடையாது" என்று சுற்றத்தார் சொல்வதில் பாதி உண்மைதான் உண்டு. மறுபாதி மூளைக்குள் இருக்கிறது. பார்க்கின்சனில், உடல் அசைவைச் சீராக்கும் டோபமினைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன என்பது பலருக்குத் தெரியும். மனநிலையைத் தாங்கிப் பிடிக்கும் செரோட்டோனின், நார்அட்ரினலின் செல்களும் கூடவே பாதிக்கப்படுகின்றன என்பது அவ்வளவாகத் தெரியாது. சிலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே மனம் தளர ஆரம்பித்துவிடுகிறது. எனவே வருத்தப்படுகிறவரைத் தைரியமாக இருக்கச் சொல்வது சிகிச்சை ஆகாது. சோர்வின் ஒரு பகுதி நோயின் அறிகுறியாகவே வருகிறது, நடுக்கம் வருவதைப் போல.

அம்மாவுக்கு இந்த நோய் வந்த பிறகு, என்ன செய்யலாம் என்று நரம்பியல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் மற்ற குடும்பங்களிடமும் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. கையில் இருக்கும் வழிகள் முக்கியமாக நான்கு: பார்க்கின்சன் மருந்தையே சீரமைப்பது, மனச்சோர்வு மாத்திரை, பேச்சுவழிச் சிகிச்சை, குழுவோடு சேர்ந்த உடற்பயிற்சி அல்லது யோகா. நான்கும் பயன் தருபவையே. எது யாருக்கு முதலில் என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

அதற்கு முன், வீடுகளில் முதலில் எடுக்கப்படும் ஒரு முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவோ அப்பாவோ சோர்ந்துபோனால் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளையின் நகரத்து அடுக்ககத்துக்கு அழைத்துவந்துவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் இந்த நோயாளிகளில் பலருக்குக் குறுகலான வாசல்படியிலும் திரும்பும் இடத்திலும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதைப் போல உறைந்துவிடும். பழகிய வீட்டில் எங்கே கை வைத்தால் நிலை தப்பாது என்று உடம்புக்குத் தெரியும். புது வீட்டில் அது தெரியாது. வாசலில் வந்து நின்று பேசும் பால்காரரும் எதிர்வீட்டுக்காரரும் இல்லாத எட்டாவது மாடியில் சோர்வு கூடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இடம் மாறுவது சில வீடுகளில் தவிர்க்க முடியாததாகலாம். அது பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு, மனச்சோர்வுக்கு மருந்தாக எடுக்கும் முடிவு அல்ல. சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்து, அவர் சற்றுத் தெளிந்த பிறகு அவரையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள்.

கடிகாரத்தோடு ஏறி இறங்கும் மனம்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மனநிலை நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா, மாத்திரை நேரத்தைப் பொறுத்து மாறுகிறதா?

டோபமின் குறையை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரையைத்தான், நம் மருந்துக்கடைகளில் சின்டோபா என்ற பெயரில் பலரும் வாங்குவதைத்தான், சொல்கிறேன். ஆரம்ப வருடங்களில் அது சீராக வேலை செய்யும். பிறகு ஒரு வேளை மாத்திரையின் பலம் அடுத்த வேளை வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அப்போது கைகால் இறுகுவதோடு மனமும் இறங்குகிறது. பயம், படபடப்பு, அழுகை, எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் ஆகியவை உடல் அறிகுறிகளைவிட முந்திக்கொண்டும் வரலாம்.

எங்கள் வீட்டில் பதினொன்றரை மணி வாக்கில் அம்மாவின் முகம் மாறும். முந்தானை நுனியை விரலில் சுற்றத் தொடங்குவார். நெஞ்சு அடைக்கிறது, யாராவது பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்பார். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம், ஒரு கோளாறும் இல்லை. அடுத்த மாத்திரை பன்னிரண்டு மணிக்கு. ஒரு மணிக்கு அதே அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அவர் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். ஒரு நோட்டில் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், நடை, மனநிலை என்று நான்கு கட்டம் போட்டு ஒரு வாரம் எழுதியதும் நரம்பியல் மருத்துவருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. மாத்திரை இடைவெளியைக் குறைத்தார். பருப்பு, தயிர், முட்டை போன்ற புரத உணவோடு சேர்த்து விழுங்கினால் லெவோடோபா சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாகப் போடச் சொன்னார்.

இந்த வழியின் நன்மை அதன் வேகம். மாற்றம் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். புது நோய்ப் பெயரோ புது மருத்துவரோ தேவையில்லை. மனநல மருத்துவரிடம் வர மறுக்கும் பெரியவரும் இதற்குச் சம்மதிப்பார். ஆனால் நாள் முழுக்க ஒரே கனமாக இருக்கும் மனத்துக்கு இது பெரிதாக உதவாது. லெவோடோபாவை ஏற்றிக்கொண்டே போனால் உடம்பு தன்னிச்சையாக நெளியத் தொடங்கும், சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். மருத்துவரைக் கேட்காமல் கூட்டவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

டோபமினைப் போலவே செயல்படும் பிரமிபெக்சால் என்ற மருந்துக்கு மனச்சோர்வைக் குறைக்கும் குணமும் உண்டு. 296 நோயாளிகளிடம் 12 வாரம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. ஒரே மருந்தில் இரண்டு பலன் என்பது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. எழுபதைத் தாண்டியவருக்கு இதை முதல் தேர்வாக நான் நினைக்க மாட்டேன். பகலில் திடீர்த் தூக்கம், நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிவது, மாயத்தோற்றங்கள் ஆகியவை வயதானவர்களிடம் அதிகம். இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வகை மருந்து எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடில்லாமல் பொருள் வாங்குவது, ஓயாமல் தின்பது, மிதமிஞ்சிய காம உணர்வு போன்ற உந்துதல்கள் வருகின்றன. 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 7 சதவீதத்தினருக்கும் இந்தப் பழக்கங்களில் ஏதாவது ஒன்று இருந்தது. ஓய்வூதியம் வாங்கும் அப்பா கைப்பேசியில் ரம்மி ஆடிப் பணம் இழந்தால், அது குணக்கேடு என்று சண்டை போடுவதற்கு முன் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

மாத்திரையா, பேச்சா?

மனநிலை கடிகாரத்தோடு மாறவில்லை, நாள் முழுக்க, வாரக்கணக்கில் ஒரே மாதிரி சோர்ந்திருக்கிறது என்றால், போட்டி மனச்சோர்வு மாத்திரைக்கும் பேச்சுவழிச் சிகிச்சைக்கும் இடையில்தான். அதற்கு முன் தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். இவை குறைந்தாலும் முதியவர் சோர்ந்துபோவார்.

மாத்திரையை எதிர்க்கும் குடும்பங்களே அதிகம். பழகிவிடும், மூளையை மழுக்கிவிடும் என்ற பயம். பார்க்கின்சன் நோயாளிகளிடம் பராக்சிடின், வென்லாஃபாக்சின் என்ற இரு மருந்துகளையும் மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளியானது. இரண்டுமே மனச்சோர்வைத் தெளிவாகக் குறைத்தன, நடையையும் உடல் இயக்கத்தையும் கெடுக்கவில்லை. மாத்திரை மலிவானது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. நோயாளி உட்கார்ந்து பேசத் தேவையில்லை, நினைவாற்றல் குறைந்திருந்தாலும் கொடுத்துப் பார்க்கலாம். சாப்பிடவே மறுக்கிறவருக்கும் எடை சரிகிறவருக்கும் சாவைப் பற்றியே பேசுகிறவருக்கும் இதைத் தள்ளிப்போடுவது தவறு.

குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப்புரட்டலும் தூக்கக்குறைவும் வந்து, பலன் வருவதற்குள் பலர் நிறுத்திவிடுகிறார்கள். முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம். குழப்பமும் தள்ளாட்டமும் திடீரென வந்தால் அதைச் சோதிக்க வேண்டும். நடுக்கம் சிலருக்குச் சற்றுக் கூடும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகள் வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றைக் கொண்டுவரும். ஏற்கெனவே மலச்சிக்கலாலும் தலைசுற்றலாலும் அவதிப்படும் பார்க்கின்சன் நோயாளிக்கு அவை இரட்டிப்புச் சுமை. ராசாஜிலின், செலிஜிலின் என்ற பார்க்கின்சன் மருந்துகளோடு மனச்சோர்வு மாத்திரை சேரும்போது அரிதாக ஆபத்தான எதிர்வினை நேரலாம். அதனால் மனநல மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். நடுக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதையும் சின்டோபாவையும் சேர்த்து எடுத்தால் அளவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் கணிக்க முடியாது.

பேச்சுவழிச் சிகிச்சை என்றதும் ஆறுதல் சொல்வது, அறிவுரை சொல்வது என்று நினைத்துவிடுகிறார்கள். நான் சொல்வது அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையை. அதன் வேலைமுறை வேறு. அம்மா உறவுக் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். காரணம் நடையல்ல, பந்தி. இலையில் ரசம் ஊற்றிய சாதத்தை நடுங்கும் கையால் எடுத்தால் சேலையெல்லாம் சிந்தும், எதிர்வரிசை முழுக்கத் தன் கையையே பார்க்கும் என்ற நினைப்பு. ஆலோசகர் அந்த நினைப்பைத் தப்பு என்று சொல்லவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். முதலில் வீட்டில் நெருங்கியவர்களோடு இலைபோட்டுச் சாப்பாடு. பிறகு மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து ஒரு வளைகாப்புக்கு, கூட்டம் குறைந்த பந்தியில், சுவரோரம், ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திரும்பிவந்து எழுதுவது. ஒரு சின்னப் பெண் பார்த்தாள், ஏன் பாட்டி கை ஆடுகிறது என்று கேட்டாள், அம்மா பதில் சொன்னார். அதற்குப் பிறகு வந்த அழைப்பிதழ்களை அவர் மேசை மேலேயே வைத்தார்.

இதற்கு ஆய்வுச் சான்றும் வலுவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 80 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், பத்து வாரச் சிகிச்சை பெற்றவர்களில் 56 சதவீதத்தினர் நன்கு தேறினார்கள். வழக்கமான மருத்துவக் கண்காணிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 8 சதவீதம். பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் தனி அமர்வுகள் கொடுத்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டில் அன்றாடம் பழகுகிறவர் கற்றுக்கொள்ளாவிட்டால் ஆலோசகர் சொன்னது வாசலோடு நின்றுவிடும். அதே குழுவினர் 2020இல் தொலைபேசி வழியாகவே இதைச் செய்து காட்டினார்கள். நடமாட்டம் குறைந்தவர்களுக்கும் சிற்றூர்களில் இருப்பவர்களுக்கும் அது பெரிய வாசல்.

மாத்திரையோடு ஒப்பிட்டால் பக்கவிளைவு இல்லை, மற்ற மருந்துகளோடு மோதல் இல்லை, கற்றது கையிலேயே இருக்கும். ஆனால் இதற்கு ஆள் வேண்டும். பார்க்கின்சனையும் முதுமையையும் புரிந்துகொண்டு தமிழில் இந்தச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள் பெரிய நகரங்களுக்கு வெளியே குறைவு. தனியாரிடம் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். நோயாளிக்கு மறதி நோய் தொடங்கியிருந்தால் பலன் சுருங்கிவிடும். கேட்கும் திறன் குறைந்திருந்தால் முதலில் காதுக்கருவி வாங்க வேண்டும்.

குழுவில் அசையும் உடல்

நான்காவது வழியை மருத்துவர்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்: நடைப்பயிற்சி செய்யுங்கள். அதற்குமேல் இதில் விஷயம் இருக்கிறது. ஹாங்காங்கில் 138 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மனக்கவனத்தோடு செய்யும் யோகாவையும் மற்ற குழுவுக்குத் தசைநீட்டல், வலுவூட்டல் பயிற்சிகளையும் எட்டு வாரம் கற்றுக்கொடுத்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில் உடல் இயக்கம் இரு குழுவிலும் ஒரே அளவு மேம்பட்டது. பதற்றமும் மனச்சோர்வும் யோகா குழுவில்தான் அதிகமாகக் குறைந்தன, 20ஆம் வாரத்திலும் அந்த வேறுபாடு நீடித்தது. பங்கேற்றவர்கள் பிடிப்பின்றி நிற்கவும், ஊன்றுகோலோடாவது நடக்கவும் கூடியவர்கள் என்பதை மறக்கக்கூடாது. அடிக்கடி விழுகிறவரை நின்றபடி ஆசனம் செய்யவைக்கக் கூடாது. நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சிகள் இருக்கின்றன, பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

இதில் மருந்தாகச் செயல்படுவது பயிற்சி மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் இன்னொரு நோயாளியும்தான் என்பது என் நம்பிக்கை. பார்க்கின்சனில் முகத்தசைகள் இறுகி, முகம் உணர்ச்சி காட்டாமல் போகிறது. பேரன் சொன்ன நகைச்சுவைக்கு மனசுக்குள் சிரித்தாலும் முகத்தில் தெரியாது. தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று பேரன் விலகிப்போகிறான். இன்னொரு பார்க்கின்சன் நோயாளிக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியும். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறுகள் சங்கம் போன்ற அமைப்புகள் பல ஊர்களில் ஆதரவுக் குழுக்கள் நடத்துகின்றன. ஆனால் புதிதாக நோய் உறுதியானவரை முதல் நாளே அழைத்துச் செல்லாதீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பார்த்துத் தன் எதிர்காலமே அதுதான் என்று சிலர் உடைந்துபோகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து, அவரே கேட்கும்போது போகலாம்.

இனி எப்படித் தேர்ந்தெடுப்பது? மனநிலை பார்க்கின்சன் மாத்திரையின் நேரத்தோடு மாறுகிறதென்றால் முதல் கதவு நரம்பியல் மருத்துவர்தான். மாறவில்லை, ஆனால் ஓரளவு சாப்பிடுகிறார், பேசுகிறார், நினைவு தெளிவாக இருக்கிறது என்றால் பேச்சுவழிச் சிகிச்சையையும் குழுப்பயிற்சியையும் சேர்த்துத் தொடங்குவதே என் தேர்வு. உளவியலாளர் எட்டாத ஊரென்றால் பயிற்சியோடு மாத்திரையைத் தொடங்கலாம், அதில் தாழ்வு எதுவும் இல்லை. சோர்வு கடுமை என்றால் மாத்திரை உடனே. உண்ணாமல் படுத்தபடுக்கையாகி, மாத்திரைகளுக்கும் அசையாத நிலையில் மருத்துவர் மின்னதிர்வுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால் சினிமா காட்டிய காட்சிகளை நினைத்துப் பயப்படாதீர்கள். இன்று அது மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படுகிறது, கடும் மனச்சோர்வுக்கு நன்கு பலன் தருகிறது, பார்க்கின்சனின் உடல் இறுக்கம்கூடச் சில காலம் தளர்வதுண்டு. உயிரை விட்டுவிடும் பேச்சு வந்தால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

ஒரு நிலையை மட்டும் தனியாகப் பிரித்தறிய வேண்டும். சிலர் அழுவதில்லை, வருந்துவதில்லை, குற்ற உணர்வும் இல்லை. எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். உட்காரவைத்தால் சாப்பிடுவார்கள், அழைத்துப்போனால் வருவார்கள், தாமாக எதையும் தொடங்க மாட்டார்கள். இது மனச்சோர்வு அல்ல, ஊக்கமின்மை. பார்க்கின்சனில் இதுவும் மிகப் பரவலானது. மனச்சோர்வு மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. சோம்பேறித்தனம், பிடிவாதம் என்று மனைவியோ மருமகளோ கோபப்படுவது இங்கேதான் அதிகம். இவர்களுக்கு நேரம் வகுத்த நாள் வேண்டும், தொடங்கிவைக்கும் ஒரு கை வேண்டும். "பூ கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். நூலையும் பூவையும் மடியில் வைத்து முதல் கண்ணியை நாம் கட்டினால் இரண்டாவதை அவர்கள் கட்டுவார்கள்.

எந்த வழியைத் தொடங்கினாலும் அளந்து பாருங்கள். மருந்து நேரத்தை மாற்றியிருந்தால் இரண்டு வாரத்தில், மாத்திரையென்றால் ஆறு வாரத்தில், பேச்சோ பயிற்சியோ என்றால் எட்டிலிருந்து பத்து வாரத்தில் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். தூக்கம், பசி, தாமாகப் பேசத் தொடங்குவது, வெளியே போகச் சம்மதிப்பது ஆகிய நான்கில் எதுவும் அசையவில்லை என்றால் அந்த வழியையே பிடித்துக்கொண்டிருக்காமல் அடுத்ததைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சேர்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் எது பலன் தந்தது, எது தலைசுற்றலைக் கொண்டுவந்தது என்று தெரியும்.